எழுபதாம் பாட்டின் வெற்றுவரி

கீழ்வானம் வெளுத்து, வல்லத்திராக்கோட்டைக் கண்மாயின் நீர்ப்பரப்பெங்கும் இளங்கதிர் பரவி, கரையோரப் பனைகளில் தூக்கணாங்குருவிகள் ஆரவாரிக்க, வயல்களில் நாற்று நடுவோர் குரல் எழவேண்டிய அவ்வினிய காலைப்பொழுதில், ஊரார் அனைவரும் வேலையை ஒதுக்கிவைத்து, ஐயனார் கோயில் சுடுமண் குதிரைகளின் நிழலில் திரண்டிருந்தனர். புதுக்கோட்டையில் மன்னராட்சி நிலவ, கடல் கடந்த நாடுகளில் பெரும்போர் மூண்டிருந்த ஆண்டு அது. ஐயனாரே சொல்லச்சொல்ல எழுதப்பெற்றவையென ஊர் நம்பிய நூற்றெட்டுப் பாட்டுகளும் அன்றுதான் முதன்முதலாகப் படிக்கப்படவிருந்தன.

சொன்னவள் எழுத்தறியாத கண்ணாத்தாள்; களையெடுத்துப் பிழைப்பவள். விடியலில் அருள்வந்து அவள் வாய் பாடும். அருள் தணிந்தபின் ஒரு சொல்லும் அவளுக்கு நினைவிராது. கேட்டு எழுதியவர், நில ஆவணங்கள் எழுதும் குழந்தைசாமி. இப்பெரும்பேறு தமக்கு வாய்த்ததே என்று நாள்தோறும் நெஞ்சு நெகிழ்ந்தவர்தாம். ஆயினும் எழுபதாம் பாட்டில், மைக்கூட்டில் எழுதுகோலைத் தோய்த்த நேரத்தில் ஒரு வரி காற்றோடு போயிற்று. எழுதிப் பழகிய கை சும்மா இருக்குமோ, சொல்வீர்! தாமே ஒரு வரி புனைந்து நிரப்பிவிட்டார். அழகான வரிதான், அவ்வழகே அவரை முள்ளாய் உறுத்திற்று.

ஆவணத்தில் ஒரு சொல்லை அடித்தாலும் செருகினாலும் அதனைக் குறித்துக் கையெழுத்திடுவது அவர் தொழிலின் முறை. முப்பதாண்டில் ஒருநாளும் அவர் அதில் தவறியதில்லை. இங்கோ, சொன்னால் நூல் முழுவதையும் ஊர் ஐயுறும். சொல்லாவிடில் ஐயனார் பெயரால் பொய் நிற்கும். அறுபத்தொன்பது பாட்டுகளை மனமுருகப் படித்தவர், அவ்வரியை எட்டியதும் நின்றார். உள்ளதைச் சொல்லிவிட்டார்.

"அப்ப மிச்சத்துலயும் ஒம்ம கைவேல இருக்குமோ?" என்று சீறினார் ஊர்த்தலைவர் வீரய்யா.

கண்ணாத்தாள் எழுந்தாள். "இருந்தா அதையும் சொல்லியிருப்பாருல்ல மாமா? யாரும் கேக்காமலே தப்ப ஒத்துக்கிட்ட மனுசன் மத்தத மறைப்பாரா?" என்றவள், குழந்தைசாமியிடம் திரும்பினாள். "அந்த வரிய அடிச்சிருங்கண்ணே. எடத்த வெறுமனே விடுங்க. சாமி நமக்குச் சொன்னது போயிருச்சு. அந்த எடத்துல நாம சாமிக்குச் சொல்லிக்கிருவோம்."

அவர் அடித்தார், ஓரத்தில் குறித்துக் கையெழுத்திட்டார். மீண்டும் படித்து அவ்விடத்தை அடைந்தபோது கூட்டம் வாய்மூடி அமைந்தது. பெய்த மழைக்கும், காய்ச்சலினின்று பிழைத்த பிள்ளைக்கும் அவரவர் தமக்குள் நன்றி கூறினர். கலங்கிய கண்களோடு காத்திருந்த குழந்தைசாமி, வீரய்யாவின் உதடுகள் அசைந்து ஓயும்வரை அடுத்த வரியைத் தொடங்கவில்லை.

பின்னாளில் அந்நூலைப் படியெடுத்தோர் அனைவரும் அவ்வரியை வெற்றிடமாகவே விட்டனர். எழுத்தறியாதோரும் பிழையின்றிப் படிக்கத்தக்க ஒரே வரி அதுதான்.