சாமான் கப்பல்

சகாதேவனின் மகன் பாலாஜி கப்பலில் என்ஜினியராக இருப்பது, அவர் வேலை பார்க்கும் வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் டீ கொண்டுவருகிறவர் வரைக்கும் தெரியும். தெரியாமலிருக்க சகாதேவன் விட்டதில்லை. பட்டா மாறுதலுக்கு மனுவோடு நிற்பவர்களிடம்கூட, "கொஞ்சம் பொறுங்க, பையன் நார்வேலேர்ந்து போன் பண்ற டைம்" என்பார். கடல் இல்லாத ஊரில் கப்பலுக்கு மதிப்பு ஜாஸ்தி.

என்ன கப்பல் என்று கேட்டால், "சாமான் கப்பல்" என்பார். பாலாஜியே இரைச்சலான போனில் சொன்ன சொல் அது. "சரக்குக் கப்பல்னு சொல்லுங்க சார்" என்று திருத்திய பக்கத்து சீட்டுக்காரரை முறைத்தார். சரக்கு என்றால் ஊரில் வேறு அர்த்தம். இரும்பு, கார், ராட்சத மிஷின் என்று அந்தக் கப்பலில் அவராகவே வருஷா வருஷம் ஏற்றிக்கொண்டே போனார். கப்பல் முழுகவில்லை.

இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம், தேரடிப் பக்கம் ஓட்டல் நடத்தும் ராமன் வீட்டிலிருந்து சம்பந்தம் பேசிக்கொண்டு வந்தார்கள். அவர் ஓட்டல் பலகையில் ஓட்டலின் பெயரைவிட 'சுத்த சைவம்' என்ற எழுத்து பெரிது. பிரதோஷத்தன்று சாம்பாரில் வெங்காயம் விழாது. கிரிவலக் கூட்டம் வரும் பௌர்ணமி இரவில் மட்டும் இட்லியின் விலை மலையைப் பார்த்து ஏறும், அதுவும் பக்தியோடுதான். அந்த வீட்டில் பெண் எடுப்பது சகாதேவனின் நெடுநாள் கனவு. ஆபீஸ் முழுக்கச் சொல்லியும் விட்டார். இனி அது தட்டிப்போனால் வேங்கிக்காலில் தலைகாட்ட முடியாது.

ராமன் கேட்டது ஒன்றே ஒன்று. "வெளிநாட்டுல இருக்கற புள்ள. அந்த வாடை எதுவும் படலியே சார்?"

சகாதேவன் மலை இருந்த திசையில் கையெடுத்துக் கும்பிட்டார். "கப்பல்லயும் தயிர்சாதந்தாங்க."

பாலாஜி லீவில் வந்ததும் பெண் பார்க்கப் போனார்கள். கேசரி வந்தது, பஜ்ஜி வந்தது, பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கும் பெண் அன்புச்செல்வியும் வந்து உட்கார்ந்தாள். அவள் அம்மா உண்ணாமலை ஆசையாகக் கேட்டாள்.

"உங்க கப்பல்ல இன்னா சாமான் தம்பி ஏத்துவீங்க?"

"சாமான் இல்லீங்க, சாமன். ஒரு மீனு. இங்கிலீஷ்ல நடுவுல எல் எழுதுவாங்க, வாயில வராது."

சகாதேவனின் பஜ்ஜி பாதி வழியில் நின்றது. "போன்ல சாமான்னுதானேடா சொன்னே!"

"சாமன்னுதாம்பா சொன்னேன். நீங்கதான் ஒரு துணைக்கால் சேத்துக்கினீங்க."

உண்ணாமலை கேசரித் தட்டைக் கீழே வைத்தாள். "செத்த மீனா?"

"இல்லீங்க, உசுரோட," என்றான் பாலாஜி, ஆறுதல் சொல்வதுபோல. "கடல்ல பெரிய பெரிய வலைக்கூண்டு கட்டி வளக்கறாங்க. எங்க கப்பல் வயித்துல தண்ணித் தொட்டி இருக்கும். குழாயால மீனை உள்ள இழுத்து, மருந்துத் தண்ணில கொஞ்ச நேரம் வெச்சு, திரும்பக் கூண்டுல விட்ருவோம். பேன் உதிர்ந்துடும்."

"பேனா?" அன்புச்செல்வி முதல்முறையாக வாய் திறந்தாள். "மீனுக்கு முடியே கிடையாதே."

"தோல்ல ஒட்டிக்கும்ங்க. தலைப்பேன் இல்ல, இது வேற ஜாதி."

"அதுலயும் ஜாதி வந்துடுச்சா?" என்று அவள் அப்பாவைப் பார்த்தாள். ராமன் கண்ணை மூடியிருந்தார்.

"ஏண்டி, நீ நாளைக்கு ஸ்கூல்ல இன்னான்னு சொல்லுவ?" என்றாள் உண்ணாமலை. "ஊட்டுக்காரரு மீனுக்குப் பேன் பாக்கறாருன்னா?"

சகாதேவனுக்கு வியர்த்தது. இருந்தாலும் எத்தனையோ ஆடிட்டைச் சமாளித்த நாக்கு. "அப்பிடிப் பாக்காதீங்கம்மா. ஒருவகையில அது ஆஸ்பத்திரிக் கப்பல். வாயில்லா ஜீவனுக்கு வைத்தியம். ஜீவகாருண்யம்!"

"பெருசானதும் அதே கப்பல்லதாம்பா வெட்டற எடத்துக்குக் கொண்டுபோயி எறக்குவோம்" என்றான் பாலாஜி.

பிள்ளையைப் பொய் பேசாமல் வளர்த்ததற்காக சகாதேவன் அன்றுதான் முதன்முதலாக வருந்தினார். எழுந்துகொள்வதா, எழுந்திருக்கச் சொல்லும்வரை இருப்பதா என்று வேட்டியைச் சரிசெய்தபோது ராமன் கண்ணைத் திறந்தார்.

"வழியில சாவாதா?"

"சாவறது ரொம்பக் கம்மிங்க."

ராமன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். "எம்மாந் தூரம் போவும்?"

"ஒரு நாள் பூராவும் போயிருக்கோம். தண்ணிய சில்லுனு வெச்சு, ஆக்சிஜன் உட்டுக்கினே இருந்தா மீனு அலட்டிக்காது. நெருக்கி அடைக்கவும் கூடாது."

"ஒரு நாளா!" ராமன் தொடையில் தட்டினார். "நம்ம மீனு வேலூர் போய்ச் சேர்றதுக்குள்ளயே பாதி மல்லாந்துடுதே!"

அந்த 'நம்ம' சாம்பிராணிப் புகைபோலக் கூடத்தில் சுற்றியது. யாரும் தும்மவில்லை.

"கருப்பன் மீனைச் சொல்றாரு," என்று உண்ணாமலை அவசரமாகச் சொன்னாள். "ஓட்டல்ல வேலை செய்யற ஆளு. ஏரி மீன் குத்தகை அவன் பேர்லதான் இருக்கு."

"பேரு அவருதுதாம்மா," என்றாள் அன்புச்செல்வி. "மீன் ட்ரம்மை நம்ம ஓட்டல் பின்னாடிதானே கழுவறாங்க."

சகாதேவனுக்கு எல்லாம் விளங்கியது. ஒரு வார்த்தை கேட்டால் போதும். பலகையிலிருக்கும் பெரிய எழுத்து பொலபொலவென்று உதிர்ந்துவிடும். ஆனால் அதோடு சம்பந்தமும் உதிரும். அவர் அந்தக் கேள்வியை மீதி பஜ்ஜியோடு சேர்த்து விழுங்கினார்.

"தொழில் வேற, சாப்பாடு வேறங்க" என்றார்.

"அதைத்தான் நானும் சொல்றேன் சம்பந்தி!" என்றார் ராமன்.

சம்பந்தி. அந்தச் சொல் காதில் விழுந்ததும் சகாதேவனுக்கு மூச்சு வந்தது. உண்ணாமலை தட்டை மறுபடி கையில் எடுத்தாள்.

அன்புச்செல்வி மட்டும் பாலாஜியிடம் மெதுவாகக் கேட்டாள். "அங்க நெசமாவே தயிர்சாதம்தானா?"

பாலாஜி அப்பாவைப் பார்த்தான். "தயிர்சாதம்தாங்க. தொட்டுக்கத்தான்..."

சகாதேவன் பலமாக இருமினார். அவள் சிரித்துவிட்டாள். "எனக்குச் சம்மதம்மா. இந்தக் கூடத்துல ஒருத்தராவது உண்மை பேசறாரே."

நிச்சயம் முடிந்து, கல்யாணப் பத்திரிகையின் மாதிரி அச்சகத்திலிருந்து வந்தது. மாப்பிள்ளை பெயருக்குக் கீழே 'என்ஜினியர், சாமான் கப்பல், நார்வே' என்று இருந்தது. பாலாஜி பேனாவை எடுத்து அந்தத் துணைக்காலை அடிக்கப் போனான். சகாதேவன் பதறுவதற்குள் ராமன் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துவிட்டார்.

"அந்தக் காலை எடுத்துடாதீங்க மாப்ளே. ரெண்டு குடும்பமும் அது மேலதான் நின்னுகினு இருக்குது."