வாசலில் மாமா படம்

“அப்பா படத்தைக் கும்பிட்டுட்டுத்தான் நம்ம தறிச் செட்டுக்குள்ள யாரும் வருவாக. இதுலயும் அப்படியே வச்சிரு.”

“வெளிநாட்டுக்காரன் செருப்பைக் கழத்திட்டா வருவான்?”

“கழத்துவான். நீ வை, ஏட்டி.”

வெப்சைட் செய்யத் தொடங்கிய நாளில் கணவன் சுந்தரபாண்டியனோடு பேசிச் சிரித்தது நாச்சியாருக்கு நினைவு வந்தது. இன்று ஸ்ரீவில்லிபுத்தூர் பிரவுசிங் சென்டரில், அவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கையில் சிரிப்பு வரவில்லை.

இராஜபாளையத்தில் அவர்களுடைய பேண்டேஜ் துணித் தறிகளில் பாதி நின்றுவிட்டன. வெளியூர் ஆர்டர் ஏதும் வராவிட்டால், பொங்கலுக்குப் பிறகு செட்டை மூடிவிட்டுக் கோயம்புத்தூர் மில்லில் வேலைக்குப் போவதாக அவன் முடிவு செய்திருந்தான்.

அவர்களுடைய வெப்சைட் வருகிறதா என்று பார்க்க, சென்டர்காரர் ஞானதுரை ஊர்ப் பெயரையும் துணியின் பெயரையும் அடித்துத் தேடினார். யார் யாருடைய கம்பெனிகளோ வந்தன.

“உங்களைக் காணோமே அண்ணாச்சி. கதவைப் பூட்டிச் சாவியைக் கொண்டாந்துட்டியளோ?”



நாச்சியாருக்குக் காரணம் தெரியும். தேடும் இயந்திரம் எழுத்தைத்தான் வாசிக்கும், படத்தைப் பார்க்காது. அவள் செய்த முதல் பக்கத்தில் மாலை போட்ட மாமனார் படம் மட்டும்தான். அதைக் கிளிக் செய்தால் கம்பெனி வரலாறு, அடுத்து குலதெய்வம், அப்புறம் குடும்பம். துணி அதற்கும் பின்னால். அந்த ஆழத்துக்கு எந்த இயந்திரமும் வராது. படத்தை மாற்றச் சொல்லலாம் என்று எத்தனையோ முறை வாயெடுத்திருக்கிறாள். ஆனால் செட் வாசலில் மாட்டியிருந்த படத்தைத் தூசி தட்டக் கழற்றிய அன்று, அவன் சாப்பிடாமலே வெளியே போனது நினைவுக்கு வரும். வாயை மூடிக்கொள்வாள்.

“அப்பா பேரைப் போடுங்க,” என்றான் அவன் திடீரென்று. “சுயம்புலிங்கம்னு போடுங்க. அவுக வருவாக.”

ஞானதுரை அடித்தார். திரை மெல்ல நிரம்பியது. எங்கெங்கோ இருக்கும் சுயம்புலிங்கங்கள் வந்தார்கள். அவர் மட்டும் வரவில்லை.

“ஊரே அறிஞ்ச மனுசன்,” என்றான். “அவியளையும் காணோமேட்டி.”

அவன் கை மேசைமேல் செயலற்றுக் கிடந்தது. ஞானதுரை இருப்பதையும் பாராமல் நாச்சியார் அதன்மேல் தன் கையை வைத்தாள்.

“ஏங்க, மாமா படத்தை உள்பக்கம் வச்சிருவோம். வாசல்ல துணி இருக்கட்டும்.”