மேற்குச் சுவர்

வீட்டில் சாமான் சேர்வதற்கு ஒரு முறை உண்டு. முதலில் ஒரு பொருள் உடைகிறது. சரிசெய்யலாம் என்று மூலையில் வைக்கிறோம். அதன் மேல் இன்னொன்று ஏறுகிறது. மேலே இருப்பதை எடுக்காமல் கீழே இருப்பதை எடுக்க முடியாது என்பதால், ஒரு நாள் எதையுமே எடுக்காமல் விட்டுவிடுகிறோம். தல்லாகுளத்தில் எங்கள் வீட்டுப் பின்னறை அப்படித்தான் நிறைந்தது என்று நினைத்திருந்தேன். முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்திய எனக்கு, என் வீட்டுக் குவியலில் இருந்த ஒழுங்கு கண்ணில் படவில்லை.

எங்கள் மகள் எஸ்தருக்கு ஏழாம் மாதம். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வரவேண்டும். கோயம்புத்தூரிலிருந்து போனில் தெளிவாகச் சொல்லிவிட்டாள்.

"அப்பா, எனக்கு வீசிங் இருக்கு. அந்தத் தூசிக் குடோன காலி பண்ணுனாத்தான் வருவேன். இல்லைன்னா அத்தை வீட்லயே பிரசவம் பாத்துக்கிறேன்."

என் மனைவி பாக்கியமேரி அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. மறுநாள் காலை அவளே சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அறைக்குள் நுழைந்தாள். மிக்ஸி, கால் ஒடிந்த நாற்காலி, எவர்சில்வர் அண்டா எல்லாவற்றையும் முற்றத்துக்குத் தள்ளினாள். வருடா வருடம் குருத்தோலை ஞாயிறன்று கோயிலில் மந்திரித்துக் கொடுத்த குருத்தோலைகள் காய்ந்து கிடந்தன. அவற்றைக் குப்பையில் போடக் கூடாது என்பதால் அடுப்பில் எரித்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"மேக்குச் செவத்துல சாத்தியிருக்கதை மட்டும் தொடாதீங்க."

அங்கே இருந்தவை ஐந்து இலவம்பஞ்சு மெத்தைகள். அவற்றுக்கு முன்னால் தலையணைகள், பழைய சேலை மூட்டைகள், கம்பளிகள், கூரைவரை. தூசியெல்லாம் அங்கேதான் இருந்தது. அவள் மனம் மாறப்போவதில்லை என்று தெரிந்தது. வியாழக்கிழமை மத்தியானம் அவள் தெருவிலுள்ள கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டத்துக்குப் போனதும், பழைய சாமான் எடுக்கும் நல்லகாமனை வரச் சொன்னேன்.

"இம்புட்டு மெத்தையா! சத்திரம் நடத்துனீங்களா சார்?" என்றார் அவர். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, இருமி இருமி லோடு ஆட்டோவில் ஏற்றினார். "செவுரு மூச்சு விடுது பாருங்க, பாவம்."

அவர் போனபின் அறையில் நின்று கைதட்டிப் பார்த்தேன். சத்தம் திரும்பி வந்தது. பஞ்சும் துணியும் சத்தத்தைக் குடித்துவிடும், வெறும் சுவர் திருப்பி எறியும். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். மெத்தென்ற பொருள்கள் அத்தனையும் ஒரே சுவரில் ஏன் இருந்தன?

சரியாக ஐந்து மணிக்குச் சுவர் தட்டியது.

டக். டக். டக்.

எங்கள் மகன் ஜூடு அப்படித்தான் தட்டுவான். பத்து வயதில் காய்ச்சலில் போய்விட்டான். பதினெட்டு வருடம் ஆகிறது. திடப்பொருளில் சத்தம் காற்றைவிட வேகமாக ஓடும் என்று, சுவரில் காதை வைக்கச் சொல்லி அவனுக்குக் காட்டியவன் நான்தான். அதிலிருந்து அவனும் அம்மாவும் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். பள்ளி விட்டு மேற்குச் சந்து வழியாக வரும்போது வெளியிலிருந்து மூன்று தட்டு தட்டுவான். அவள் உள்ளிருந்து இரண்டு தட்டுவாள். பின்கதவு திறந்திருக்கிறது, வா என்று அர்த்தம். நான் ட்யூஷன் முடித்து ஏழு மணிக்குத்தான் வீட்டுக்கு வருவேன்.

மறுபடியும் மூன்று தட்டு. நான் என்னையறியாமல் இரண்டு தட்டினேன். அது நின்றுவிட்டது.

வெளியே ஓடிப் பார்த்தேன். சந்தில் யாரும் இல்லை. சுவரை ஒட்டி, மோட்டாரிலிருந்து மேல் தொட்டிக்குப் போகும் இரும்புக் குழாய் இருந்தது. ஸ்டூல் போட்டு ஏறித் தொட்டேன். சூடு ஆறிக்கொண்டிருந்தது. அப்போது புரிந்தது. மத்தியான வெயிலில் குழாய் நீள்கிறது. ஐந்து மணிக்குப் பக்கத்து மாடி வெயிலை மறைத்ததும் சுருங்கப் பார்க்கிறது. சுவரில் அடித்த கிளாம்ப் அதைப் பிடித்துக்கொள்கிறது. இழுவை கூடிக் கூடி, தாங்காத இடத்தில் வழுக்கிக் குதிக்கிறது. ஒவ்வொரு குதிப்பும் ஒரு 'டக்'. நான் சுவரில் தட்டியதும் அந்த அதிர்வில் மிச்ச இழுவையும் விடுபட்டு அது அடங்கிவிட்டது. எல்லாவற்றுக்கும் காரணம் கிடைத்த சந்தோஷத்தோடு இறங்கினேன்.

உள்ளே வந்தால், கூட்டம் முடிந்து திரும்பிய பாக்கியமேரி பின்னறை வாசலில் நின்றாள். வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேட்டுச்சா?" என்றாள்.

"கேட்டுச்சு. அது ஒண்ணுமில்ல மேரி..." என்று தொடங்கி, வெயில், குழாய், கிளாம்ப் எல்லாவற்றையும் சொன்னேன். கையால் வழுக்கிக் காட்டினேன். அவள் முழுதாகக் கேட்டாள்.

"முடிச்சிட்டீங்களா சார்?"

"உனக்கு எப்ப இருந்து கேக்குது?"

"அவனப் பொதைச்சிட்டு வந்த வாரத்துல இருந்து. ரெண்டு தட்டுவேன். நின்னுரும். ஓடிப் போயிப் பின்கதவப் பாப்பேன். ஒரு வருசம் பாத்தேன். அப்புறந்தான் மெத்தையத் தூக்கிச் சாத்துனேன். அதுக்கும் மேல லேசாக் கேட்டுச்சு. இன்னொண்ணு சாத்துனேன்."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னா இப்பச் சொன்ன மாதிரியே காரணம் சொல்லியிருப்பீங்க." சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். "சரி, அந்தக் கொழாயச் சரி பண்ணுங்க. பிள்ளத்தாச்சி படுக்குற எடம். அவ இதக் கேக்க வேணாம்."

மறுநாள் காலை பழைய சைக்கிள் டியூபை வெட்டி, கிளாம்புக்கும் குழாய்க்கும் நடுவில் வைத்து முடுக்கினேன். இரும்பு இரும்போடு உரசாவிட்டால் சத்தம் பிறக்காது. அவ்வளவுதான்.

அன்று ஐந்து மணிக்குச் சந்தில் நின்று காத்திருந்தேன். ஒரு சத்தமும் இல்லை. ஐந்து பத்துக்கு உள்ளிருந்து இரண்டு தட்டு கேட்டது. பாக்கியமேரி. கொஞ்சம் பொறுத்து மறுபடி இரண்டு. பிறகு இன்னும் பலமாக இரண்டு. பதில் வராத இடத்தில் அவள் தட்டிக்கொண்டே இருந்தாள். பதினேழு வருடம் கேட்கக் கூடாது என்று மூடி வைத்தவள்தான்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஸ்டூலில் ஏறி, ஸ்க்ரூடிரைவர் பிடியால் குழாயில் மூன்று தட்டு தட்டினேன்.

உடனே உள்ளிருந்து இரண்டு வந்தது. பிறகு அமைதி.

அன்று மாலை அவளே அறையைக் கழுவினாள். ஜன்னலைத் திறந்தாள். கட்டிலை இழுத்துப் போட்டு, மேற்குச் சுவரை ஒட்டியே தலைமாடு வைத்தாள். அடுத்த ஒன்பது நாளும் ஐந்து மணிக்கு ஸ்டூல் போட்டு ஏறித் தட்டினேன். பால் வாங்குவதுபோல அதுவும் ஒரு வேலையாகிவிட்டது.

பத்தாம் நாள் எஸ்தர் வந்தாள். மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் அவளை அழைத்துக்கொண்டு ஆட்டோவில் வர, வழியில் நெரிசல். வீட்டை அடையும்போது ஐந்து தாண்டி இரண்டு நிமிடம். அவளை வாசலில் உட்கார வைத்துவிட்டு, "மோட்டாரப் பாத்துட்டு வாரேன்" என்று சொல்லிச் சந்துக்கு ஓடினேன். ஸ்டூல் சுவரோரம் மடக்கி வைத்தபடியே இருந்தது. அதை விரிக்கக் குனிந்தேன்.

உள்ளிருந்து இரண்டு தட்டு கேட்டது.

ஸ்டூலை விரித்தேன். பிறகு ஏறிப் பார்த்தேன். ரப்பர் இடம் மாறவில்லை. திருகு இறுக்கமாக இருந்தது. குழாயில் கை வைத்து, சூட்டில் உடனே எடுத்துவிட்டேன். இந்தப் பத்து நாளில் பொழுது நீண்டிருந்தது; பக்கத்து மாடிக்கு மேல் வெயில் இன்னும் நின்றது. குழாய் சுருங்கத் தொடங்கவே இல்லை. இறங்கி ஸ்டூலை மடக்கினேன்.

பின்கதவுத் தாழ் விலகும் சத்தம் கேட்டது. பாக்கியமேரி கதவை விரியத் திறந்து வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். பதினெட்டு வருடத்தில் அவள் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை.

"பிள்ள வந்துட்டாளா?" என்றாள். பிறகு குரலைத் தணித்துச் சிரித்தாள். "என்ன, இன்னைக்கு ஸ்டூல் போடலையா? மூணு தட்டும் கீழ நின்னு தட்டுன மாதிரி இருந்துச்சே."

அவள் தன் இடுப்புக்கு மேல் கையை வைத்து உயரம் காட்டினாள்.

வாயில் வந்த காரணங்களையெல்லாம் விழுங்கினேன்.

"போடல," என்றேன்.