முந்நூற்று நாற்பது மேற்கோள்களின் எடை

“அப்பா, இவ்ளோ ஒல்லியா இருந்துண்டு நீ எப்படிப்பா எண்பத்து நாலு கிலோ இருக்கே?” என்று ஆறு வயது மாளவிகா கேட்டது 1997 ஏப்ரலில், தம்பானூர் ரயில் நிலையத்து எடை இயந்திரத்தின் முன்னால். நாகேஸ்வரனுக்குப் பதில் தெரியும். நகரத்தின் ஓர் ஆய்வுக்கூடத்தில் பீங்கான் பொருள்களை ஆராயும் விஞ்ஞானி அவர். 1993இல் அவர் எழுதிய கட்டுரை ஒன்றை உலகில் எங்காவது யாராவது மேற்கோள் காட்டினால் அன்றைக்கு அவருடைய எடை அரைக் கிலோ கூடும். உடம்பு பருக்காது, சட்டை அளவு மாறாது. நூலகத்தில் மேற்கோள் அட்டவணையின் தடித்த தொகுதிகளைப் புரட்டி இதை இரண்டு முறை சரிபார்த்திருந்தார். அவருடைய மற்ற இருபத்தாறு கட்டுரைகளை யார் மேற்கோள் காட்டினாலும் ஒரு கிராம்கூட ஏறவில்லை. அது ஏன் என்று யோசிப்பதை மட்டும் தவிர்த்துவந்தார்.

கரமனை அக்கிரகாரத்தில் யாரும் இதைப் பெரிதுபடுத்தவில்லை. ஜப்பானில் அவருக்கு நல்ல பெயர் என்று பேசிக்கொண்டார்கள். மனைவி சீதாலக்ஷ்மி ஊஞ்சலைக் கழற்றி வைத்தாள். கட்டிலுக்கு அடியில் செங்கல் அடுக்கினாள். ஆட்டோக்காரர்கள் மீட்டருக்கு மேல் கொஞ்சம் கேட்டார்கள், அவரும் கொடுத்தார். 2004இல் மேற்கோள்கள் முந்நூற்று நாற்பதை எட்டின. அவர் இருநூற்று இருபத்து நாலு கிலோவை எட்டினார். அந்தக் கட்டுரைக்காகவே ஆய்வுக்கூடம் அவர் பெயரை ஒரு தேசிய விருதுக்கு அனுப்ப முடிவு செய்தது. விண்ணப்பத்தின் கடைசி வரியில், கண்டுபிடிப்பு தம்முடையதே என்று அவர் கையெழுத்திட வேண்டும். அந்த இடத்தை அவர் ஒரு மாதமாகக் காலியாக வைத்திருந்தார்.

விருது கிடைக்க வேண்டும் என்று சீதாலக்ஷ்மி கதலிப்பழத்தில் துலாபாரம் நேர்ந்துகொண்டாள். கோயிலில் நாகேஸ்வரன் தராசுத் தட்டில் உட்கார்ந்தார். எதிர்த்தட்டில் குலை குலையாக அடுக்கியும் அவர் தட்டு தரையை விட்டு எழும்பவில்லை. “சாமி, இனி குலை இல்ல. பழம் வாங்க சாலைக் கம்போளத்துக்கு ஆள் விட்டிருக்கு. சாமி அவிடெயே இருக்கணும், இறங்கிடப் படாது,” என்றார் பழம் அடுக்கியவர். நாகேஸ்வரன் முக்கால் மணி நேரம் அசையாமல் இருந்தார். எங்கும் ஓட முடியாத அந்த நேரத்தில், பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய ஒரு சனிக்கிழமை அவரைப் பிடித்துக்கொண்டது.

1992இல் ஆய்வுக்கூடத்து உலையிலிருந்து எடுத்த பீங்கான் வில்லைகள் எல்லாமே விரிசல் விட்டுக்கொண்டிருந்தன. உலையைப் பார்த்துக்கொண்ட உதவியாளர் ஜெயபாய் அந்தச் சனிக்கிழமை வீட்டுக்குப் போகவில்லை. அவளுடைய அப்பா பாறசாலையில் செங்கல் சூளை வைத்திருந்தவர். சூட்டை மெதுவாக இறக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். அரை மணிக்கு இருபது டிகிரியாக இறக்கி, ஒவ்வொன்றையும் உலைக் குறிப்பேட்டில் எழுதினாள். திங்கட்கிழமை ஒரு வில்லைகூட உடையவில்லை. அந்த முறையைப் பற்றிய 1993 கட்டுரையில் நாகேஸ்வரன் பெயர் வந்தது, உலைப் பக்கமே வராத பிரிவுத் தலைவரின் பெயரும் வந்தது. உலை பார்ப்பவர் பெயரைப் போடும் வழக்கம் அங்கே கிடையாது. நன்றி சொல்லும் வரியில்கூட அவள் இல்லை.

அடுத்த ஞாயிறு அவர் பாறசாலைக்குப் போனார். ஜெயபாய் ஓய்வு பெற்று நாலு வருஷம் ஆகியிருந்தது. எதுவும் கேட்காமலே அவரைத் துணி துவைக்கிற கருங்கல்லுக்குக் கூட்டிப்போனாள்.

“பெஞ்சில இருக்கண்டாம் ஸாரே, அது தாங்காது. இதுல தைரியமா இரிங்க.”

அவித்த கப்பைக் கிழங்கும் பால் விடாத கட்டஞ்சாயாவும் வந்தன. அவர் கப்பையைத் தின்று முடித்தார். கடைசியில், “உங்க இனிஷியல் என்னம்மா?” என்று கேட்டார். எட்டு வருஷம் கூட வேலை பார்த்தும் அது அவருக்குத் தெரியாது.

“வி. அப்பா வேதமாணிக்கமில்லியா. எதுக்கு ஸாரே? பென்ஷன் கூட்டித் தருவாங்களோ?”

“ஒரு பேப்பர்ல எழுதணும்.”

“எழுதுங்க, எழுதுங்க. தப்பில்லாம எழுதினாப் போதும்,” என்று சிரித்து இன்னும் கொஞ்சம் கப்பை வைத்தாள்.

மறுநாள் மதியம், தெரு உறங்கும் நேரத்தில், கரமனைத் தபால் நிலையத்துப் பெட்டிக்கு முன்னால் அவர் தனியாக நின்றார். கையில் இரண்டு உறைகள். ஒன்று, விருது விண்ணப்பம் அனுப்பப்போவதில்லை என்று இயக்குநருக்கு. மற்றொன்று கட்டுரை வெளிவந்த இதழுக்கு: கண்டுபிடிப்பு வி. ஜெயபாயுடையது, அவர் பெயர் முதலில் வர வேண்டும், விட்டது என் பிழை. இரண்டையும் போட்டார். உள்ளே அவை விழும் சத்தத்தைக் கேட்க அங்கே வேறு யாரும் இல்லை. எடை ஒரு கிராம்கூடக் குறையவில்லை. அவர் ஏறியதும் பஸ் வழக்கம்போல் இடப்பக்கம் சாய்ந்தது. யாரும் சொல்லாமலே இரண்டு பேர் எழுந்து வலப்பக்கம் போய் உட்கார்ந்தார்கள்.