ஒன்பது வோல்ட்

"நாக்கு இருக்கா உனக்கு, இல்ல வீட்டுல வெச்சுட்டு வந்துட்டியா?"

பத்தாம் வகுப்பில் அறிவியல் வாத்தியார் என்னைக் கேட்டது இது. மின்சுற்றைப் பற்றி ஏதோ கேள்வி. உட்கார்ந்திருந்தவரை எனக்குப் பதில் தெரிந்திருந்தது. எழுந்து நின்றதும் போய்விட்டது. நாற்பத்திரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நாக்கு வாயில்தான் இருந்தது, மேலண்ணத்தில் பசை போட்டு ஒட்டியதுபோல. மறுநாள் வயிற்றுவலி என்று படுத்தேன். அந்த வயிற்றுவலி இரண்டு வருஷமாக இன்னும் சரியாகவில்லை. பள்ளிக்கூடம் அதோடு முடிந்தது.

அம்மா அழுதாள். அப்பா நாலு பேரைக் கூட்டிவந்து எனக்குப் புத்தி சொல்ல வைத்தார். நாலு பேரும் சொல்லிவிட்டு, டீ குடித்துவிட்டு, டீயில் சர்க்கரை குறைவு என்றும் சொல்லிவிட்டுப் போனார்கள். கடைசியில் அம்மாவின் தம்பி, என் மாமா, பேசாத பெண்ணை என் கடைக்கு அனுப்பு அக்கா, அங்கே சத்தம் போட ஏற்கெனவே ஆட்கள் இருக்கிறார்கள் என்று கூட்டிப் போனார்.

மாமாவுடையது இசைக்கருவிகளைப் பழுது பார்க்கும் கடை. கீழே சலவைக் கடை, மாடியில் நாங்கள். முன்னறையில் வேலை, பின்னறையில் ஒத்திகை. பின்னறைச் சுவர் முழுக்க முட்டை அட்டைகள் ஒட்டியிருக்கும். சத்தம் வெளியே போகாது என்று மாமா நம்புகிறார். சலவைக்காரர் நம்பவில்லை. கீழேயிருந்து துடைப்பக் கட்டையால் தன் கடைக் கூரையை இடிப்பார். குறை சொல்லக்கூடாது, தாளம் தப்பாமல்தான் இடிப்பார்.

மாமா டிரம் வாசிப்பார். என் சித்தி பாடுவாள். கீபோர்டு வாசிப்பவரை எல்லோரும் விஞ்ஞானி என்பார்கள். டீ ஏன் ஆறிவிட்டது என்று தெரியாத்தனமாகக் கேட்டால் அடுத்த டீயும் ஆறும்வரை விளக்குவார். இந்த மூவரும் ஒரு பேஸ் கிட்டார்காரரும் சனிக்கிழமைதோறும் ஒரு ஹோட்டலின் விருந்து மண்டபத்தில் வாசித்துவந்தார்கள். போன மாதம் பேஸ்காரர் வெளியூரில் வேலை கிடைத்துப் போய்விட்டார். சனிக்கிழமை தவிர மற்ற நாளெல்லாம் கடையில் கிடக்கும் தன் பழைய கிட்டாரை இங்கேயே விட்டுவிட்டார். அதைச் சுமந்து சுமந்து ஒரு தோள் இறங்கிவிட்டது, இனி இன்னொன்றையாவது காப்பாற்றிக்கொள்கிறேன் என்றார்.

அவர் இடம் காலி. அந்த இடம் எனக்கு வேண்டும். இப்படி ஒன்று வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே அதுதான் முதல் தடவை.

இரண்டு வருஷமாகக் காலையில் கடையைத் திறந்து பெருக்கிய பிறகு, மாமா வருவதற்குள் ஒரு மணி நேரம் அந்தக் கிட்டாரைத்தான் வாசித்துவந்தேன். சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப் பெட்டியைப் போட மாட்டேன், யாராவது கேட்டுவிடுவார்கள். கிட்டாரின் மேல் கொம்பில் காதை அழுத்தி வைத்துக்கொண்டால் மரத்துக்குள் ஓடுகிற சத்தம் முழுக்கக் கேட்கும். ஒருநாள் சித்தி சீக்கிரம் வந்துவிட்டாள். கதவோரம் நின்று ஒரு பாட்டு முழுக்கக் கேட்டாளாம். அன்று மத்தியானத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது, காலி இடத்துக்கு என் பெயரும் அடிபட்டது. சித்தி ஒலிபெருக்கி வைத்துப் பாடுவதே ஒரு பழக்கதோஷம்தான்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பேஸ் கிட்டாரில் இரண்டு ஜாதி. பேசிவ் என்பதில் பேட்டரி கிடையாது. கம்பி அதிர்வதை அப்படியே ஆம்புக்கு அனுப்பிவிடும். இரண்டு திருகுகள்: சத்தம் ஒன்று, தொனி ஒன்று. ஆக்டிவ் என்பதில் உள்ளே ஒன்பது வோல்ட் பேட்டரி இருக்கும். சத்தத்தை அங்கேயே பெருக்கி, குளிப்பாட்டி, பவுடர் போட்டு அனுப்பும். திருகுகளும் நிறைய. அதில் ஒரு சூட்சுமம் உண்டு. பேட்டரிக்குத் தனியாக ஸ்விட்ச் கிடையாது. ஒயரைக் கிட்டாரில் செருகினால் பேட்டரி ஓட ஆரம்பிக்கும், பிடுங்கினால் நிற்கும். செருகியே வைத்திருந்தால், யாரும் வாசிக்காவிட்டாலும் அது பாட்டுக்கு ஓடித் தீரும்.

விஞ்ஞானி ஆக்டிவ் கட்சி. மண்டபம் பெரியது, ஆம்ப் பழையது, பேசிவ் வைத்து வாசித்தால் முதல் வரிசை தாண்டாது என்று எனக்கு மூன்று மத்தியானம் பாடம் எடுத்தார். நான் தலையாட்டினேன். வாடகைக்கு வைத்திருந்த ஒரு ஆக்டிவ் கிட்டாரை மறுநாள் காலையில் எடுத்து வாசித்தும் பார்த்தேன். பொய் சொல்லக்கூடாது, நன்றாகத்தான் இருந்தது. அடிக்கம்பி கதவைச் சாத்தியதுபோல் கச்சிதமாக நின்றது. பழைய பேசிவ்வோ டியூப்லைட் எரிந்தால் 'ம்ம்ம்' என்று முனகும். கதவுப் பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்து நின்றால்தான் வாயை மூடும்.

ஆனாலும் ஆக்டிவ்வில் நான் தப்பாக விரல் வைத்தாலும் அழகாகக் கேட்டது. அது எனக்குப் பிடிக்கவில்லை. பழையதில் தப்பு தப்பாகவே கேட்கும். இரண்டு வருஷம் காதை வைத்துப் பழகிய மரம் வேறு. அத்தனை திருகுகளை நாலு பேர் முன்னால் திருப்ப வேண்டுமே என்ற பயமும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். பழையதே போதும் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி விஞ்ஞானியிடம் கொடுத்தேன். அவர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அந்த வாரம் நிம்மதியாகப் போனது.

அப்போதுதான் மாப்பிள்ளை வந்தார். மாப்பிள்ளை என்றால் மாமாவின் மச்சினன், அத்தையின் தம்பி. மாமா கூப்பிட்டுக் கூப்பிட்டு, தபால்காரர்கூட அவரை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவார். வேலை என்று எதுவும் இல்லை; வேலைக்கான உடைகள் மட்டும் நிறைய இருந்தன. ஊதா நிறத்தில் ஐந்து கம்பி ஆக்டிவ் கிட்டார் ஒன்றை யாரிடமிருந்தோ பழையதாக வாங்கி வந்திருந்தார். ஆறு திருகுகள். ஒவ்வொன்றும் எதற்கு என்று சித்தி கேட்டதற்கு, எல்லாவற்றையும் முழுக்கத் திருப்பினால் முழுச் சத்தம் வரும் என்றார். தம்பிக்கு அந்த இடத்தைக் கொடுத்தால்தான் வீட்டில் அடுப்பு எரியும் என்று அத்தை சொல்லி அனுப்பியிருந்தாள்.

மாமா இடி வாங்கிய மத்தளமானார். இரண்டு பக்கமும் சொந்தம். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். மூன்று வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போட்டி. இருவரும் ஒரே பாட்டை வாசிக்க வேண்டும். மாமாவும் சித்தியும் விஞ்ஞானியும் சுவரைப் பார்த்து உட்கார்ந்து கேட்பார்கள். யார் முதலில், யார் இரண்டாவது என்று அவர்களுக்குத் தெரியாது. வாசிப்பவர்கள் வாயைத் திறக்கக் கூடாது, செருமக்கூடக் கூடாது. எனக்குச் சாதகமாக உலகத்தில் யாரோ போட்ட முதல் விதி அது.

மாப்பிள்ளை அன்றே தன் கிட்டாரை ஒத்திகை அறையில் ஸ்டாண்டில் வைத்தார். ஒயரும் செருகியே இருந்தது.

"இதை யாரும் தொடக்கூடாது. முக்கியமா நீ, மியூட்டு," என்றார். எனக்கு அவர் வைத்த பெயர் அது.

அடுத்த நாள் வந்து பத்து நிமிஷம் வாசித்துவிட்டு ஆம்பை மட்டும் அணைத்துவிட்டுப் போனார். ஒயர் கிட்டாரிலேயே இருந்தது. அதற்கடுத்த நாள் வரவே இல்லை. நான் ஒரு துண்டுச் சீட்டில் 'ஒயரைப் பிடுங்கி வைக்கவும், பேட்டரி தீர்ந்துவிடும்' என்று எழுதி ஸ்டாண்டில் ஒட்டினேன். அடுத்த முறை வந்தபோது அதைப் படிக்காமலே கசக்கினார். தொடாதே என்றால் புரியாதா என்று கேட்டார். புரிந்தது. பிறகு நான் ஸ்டாண்டைக்கூடத் துடைக்கவில்லை.

தினமும் சாயங்காலம் கடையைப் பூட்டுகிறவள் நான்தான். விளக்கை அணைக்கும்போது அந்த ஒயர் கண்ணில் படும். பிடுங்க ஒரு விநாடி ஆகும். மூன்று வாரத்தில் எத்தனை சாயங்காலம் என்று கணக்குப் போட்டால் எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. ஒருமுறை சொன்னேன். இரண்டாவது முறையும் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மூன்று நாற்காலிகளில் மூன்று பெரியவர்கள் முட்டை அட்டையைப் பார்த்துக்கொண்டு, வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளைகள்போல் உட்கார்ந்தார்கள். பேஸ் இல்லாமல் பதிந்த பாட்டை விஞ்ஞானி தன் போனிலிருந்து ஸ்பீக்கரில் ஓடவிட்டார். மாப்பிள்ளை ஒரு விரலைக் காட்டினார். முதலில் அவர்.

முதல் வரியில் தரை அதிர்ந்தது. என் கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன். இரண்டாவது சரணத்தில் சத்தம் தொண்டை கட்டிக்கொண்டது. பிறகு கிழிந்தது. மாப்பிள்ளை ஒரு திருகைத் திருப்பினார், இன்னும் மோசமானது. ஆறையும் முழுக்கத் திருப்பினார். ஜலதோஷம் பிடித்த எருமை போர்வைக்குள்ளிருந்து முக்குவதுபோல் வந்தது. மேசை இழுப்பறையில் புதுப் பேட்டரிகள் இருக்கும். ஒன்றை எடுத்து உயர்த்திக் காட்டினேன். அவர் விரலை உதட்டில் வைத்து முறைத்தார். கீழேயிருந்து சலவைக்காரர் ஒரே ஒரு இடி இடித்தார். பாட்டு முடிந்தது.

அடுத்து நான். அவர் ஒயரைத் தொடவில்லை, எனக்கென்று வைத்திருந்த சின்ன ஒயரை ஆம்பின் இரண்டாவது துளையில் செருகினேன். கதவுப் பக்கம் சாய்ந்து நின்றேன். முனகல் நின்றது. என்னை ஒருவரும் பார்க்கவில்லை. மூன்று முதுகுகள் மட்டும் இருந்தன. உலகம் முழுக்க இப்படி முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தால் நான் மேடைப் பேச்சே பேசிவிடுவேன். பாட்டின் பாதியில் சித்தியின் கால் தட்ட ஆரம்பித்தது. மாமாவின் தோள் ஆடியது. கூரை இடி வரவில்லை.

முடிந்ததும் மூவரும் சுவரைப் பார்த்தபடியே கிசுகிசுத்தார்கள். பிறகு திரும்பினார்கள். விஞ்ஞானி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே தீர்ப்பு சொன்னார். முதலாவது பேசிவ், அதில் சந்தேகமே இல்லையாம். அந்தக் களைப்பு, அந்தக் கரகரப்பு, வயதான கிட்டாருக்கே உரியதாம். இரண்டாவது ஆக்டிவ். அந்தத் தெளிவை வேறு எதனாலும் தர முடியாதாம். இரண்டாவதுதான் வேண்டும் என்று மூவரும் ஒருமனதாக முடிவு செய்திருந்தார்கள்.

மாமா என்னைப் பார்க்காமல் மாப்பிள்ளையைப் பார்த்தார். "சனிக்கிழமை ஆறு மணிக்கு மண்டபத்துக்கு வந்துடு, மாப்பிள்ளை."

மாப்பிள்ளை ஒரு நொடி என்னைப் பார்த்தார். நான்தான் மியூட்டு ஆயிற்றே.

"அதான் அப்பவே சொன்னேனே மாமா, ஆக்டிவ் ஆக்டிவ்தான்," என்றார்.

சித்தி வந்து என் தலையைத் தடவினாள். பரவாயில்லடி, வயசு இருக்கு என்றாள். அது நான்தான், இரண்டாவது நான்தான் என்று உள்ளே யாரோ கத்திக்கொண்டிருந்தார்கள். நாக்கு மேலண்ணத்தைவிட்டு வரவில்லை. அறிவியல் வாத்தியார் மட்டும்தான் அங்கே குறைச்சல்.

கால் தானாக நடந்தது. ஊதாக் கிட்டாரைத் திருப்பினேன். தொடாதே என்று மாப்பிள்ளை சொல்வது கேட்டது. முதுகில் இருந்த சின்ன மூடியை நகத்தால் திறந்து பேட்டரியை வெளியே எடுத்தேன். எங்கள் கடையில் பேட்டரியைச் சோதிக்கும் முறை ஒன்று உண்டு. மீட்டர் இருக்கிறது, ஆனால் அந்த மீட்டருக்குப் பேட்டரி தீர்ந்து ஒரு வருஷம் ஆகிறது. அதனால் ஒன்பது வோல்ட் பேட்டரியின் இரண்டு முனையையும் நாக்கில் வைத்துப் பார்ப்போம். உயிர் இருந்தால் சுரீர் என்று புளிக்கும்.

நாலு பேர் பார்க்க நாக்கை முழுசாக நீட்டினேன். வைத்தேன். ஒன்றுமில்லை. தகரத்தின் ருசிதான் இருந்தது.

பேட்டரியை மாமாவிடம் நீட்டினேன். சட்டையில் துடைத்துவிட்டு அவரும் நாக்கில் வைத்தார். முகம் மாறியது. விஞ்ஞானியிடம் கொடுத்தார். விஞ்ஞானி ஒருமுறை வைத்தார், திருப்பி வைத்தார், நாக்கின் ஓரத்திலும் வைத்தார். சித்தி, சீ, எத்தனை பேர் எச்சில் என்றாள், ஆனால் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை, அவளும் நுனி நாக்கால் தொட்டாள்.

"சுத்தமா செத்துக் கிடக்கு," என்றார் மாமா. "அப்ப இதுல அந்தத் தெளிவு எப்படி வந்துச்சு?"

விஞ்ஞானி முட்டை அட்டையை ஆராய்ந்தார்.

"ரெண்டாவது நான்," என்றேன்.

குரல் கீச்சென்று, சக்கரத்துக்கு எண்ணெய் போடாததுபோல் வந்தது. ஆனால் வந்தது. சித்தி வாயில் கைவைத்தாள். எது நல்லது என்று நான் சரியாகத்தான் சொன்னேன், எது எது என்பதில்தான் சின்னப் பிசகு என்று விஞ்ஞானி ஆரம்பித்தார். மாமா கையைக் காட்டி நிறுத்தினார். என்னையும் மாப்பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தார். வீட்டுக்குப் போனால் அத்தை கையால் என்ன கிடைக்கும் என்பதை ஒருமுறை நினைத்துப் பார்த்திருப்பார், நெற்றி வேர்த்திருந்தது.

"சனிக்கிழமை ஆறு மணிக்கு மண்டபத்துக்கு வந்துடு, பாப்பா," என்றார். "அந்தப் பழசையே எடுத்துட்டு வா."

நான் தலையாட்டினேன். வேறு எதுவும் பேசும் உத்தேசம் இல்லை. அன்றைய கோட்டா முடிந்துவிட்டது. இழுப்பறைப் புதுப் பேட்டரி சட்டைப்பையிலேயே இருந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தேன், சுரீர் என்றது. ஊதாக் கிட்டாரில் போட்டு மூடியைச் சாத்தி அவரிடம் நீட்டினேன்.

மாப்பிள்ளை வாங்கிக்கொண்டார். வாரைத் தோளில் மாட்டினார். ஒயரின் ஒரு முனை இன்னும் கிட்டாரில்தான் இருந்தது. மறுமுனை அவர் நடக்க நடக்க ஆம்பிலிருந்து பிடுங்கிக்கொண்டு பின்னாலேயே வந்தது. யாரையும் பார்க்கவில்லை. அவர் படியிறங்க, ஒயர் முனை ஒவ்வொரு படியாகத் தட்டிக்கொண்டு அவர் பின்னால் இறங்கிப் போயிற்று.