கை சொன்ன சாட்சி

நுகர்வோர் மன்றத்துக்கு வெளியே இருந்த நீளப் பெஞ்சில் உட்கார்ந்ததுமே அவளுக்குக் கண் சொருகியது. பொழுது விடிந்தால் சலவைக்கூடத்து நீராவிக்கு நடுவில் நின்றுகொண்டே இருக்கிறவளை, மின்விசிறிக்கு அடியில் சும்மா உட்காரச் சொன்னால் வேறென்ன வரும். பக்கத்தில் அவள் புருஷன் காலை ஆட்டிக்கொண்டு கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வெல்டர். பொறி தெறித்துப் பொத்தல் விழாத சட்டை ஒன்றை இன்றைக்கென்று தேடிப் பிடித்துப் போட்டு வந்திருந்தான். அது கழுத்தில் இறுக்க, அடிக்கடி மேல்பொத்தானைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

கண்ணை மூடினால் போதும், அவளுக்குக் கை திரும்பி வந்துவிடும். எப்போதும் அதே கனவுதான். சலவைக்கூடத்தின் பின்கட்டில் கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளை வெள்ளையாகப் படுக்கை விரிப்புகள் தொங்கும். அவள் நடுவில் நடந்து போவாள். வலது கை விரல்கள் ஒவ்வொன்றையும் தொட்டுக்கொண்டே வரும். இது பருத்தி, இது கலப்பு, இதன் ஓரத்தில் இன்னும் ஈரம் போகவில்லை. கடைசி விரிப்பை விலக்கினால் அங்கே மகள் காய்ச்சலாய்ப் படுத்திருப்பாள். நெற்றியில் கை வைப்பாள். சூடு விரலில் ஏறும். அந்தச் சூட்டில் அவளுக்கு அழுகையே வந்துவிடும்.

விழித்தால் கட்டைவிரலும் பக்கத்து இரண்டு விரல்களும் யாரோ கொடுத்து வைத்திருக்கச் சொன்ன பொருள் போல மடியில் கிடக்கும்.

மணிக்கட்டில் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு கட்டி. வலிகூட இல்லை, இஸ்திரிப்பெட்டியை இழுக்கும்போது உறுத்தும், அவ்வளவுதான். எடுத்துவிட்டால் தீர்ந்தது, சின்ன வேலை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கட்டி போனது. கூடவே நரம்பும் போனது. கட்டுப் பிரித்த பிறகு வேலைக்குப் போன முதல் நாளே, ஏதோ கருகும் வாசம் வருகிறதே, எந்தத் துணியைத் தீய்த்தோமோ என்று பதறிப்போய்த் தேடினாள். கருகிக்கொண்டிருந்தது அவள் விரல். அதற்குப் பிறகு இஸ்திரி மேசையிலிருந்து எடுத்து, சம்பளம் குறைவான மடிப்பு மேசையில் போட்டார்கள்.

வேறொரு டாக்டர் பார்த்துவிட்டு, நரம்பை இன்னும் ஒட்டிவிடலாம், ஆனால் நாள் தள்ளத் தள்ள அது சுருங்கிக்கொண்டே போகும் என்றார். அதற்கான செலவைக் கேட்டதும் வெல்டர் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டான். நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டது அதற்காகத்தான். ஆஸ்பத்திரிக்காரர்கள் தவறு நடந்ததை மறுக்கவில்லை. கை தானாகத் தேறிவிட்டது, அதனால் நஷ்டம் எதுவும் இல்லை என்பதுதான் அவர்கள் கட்சி. இன்றைக்கு முடிவாக வேண்டியது அது ஒன்றுதான்.

வக்கீலம்மா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வேகவேகமாக வந்தாள்.

"ஏதாவது வேலை செஞ்சு காட்டச் சொல்வாங்க. உணர்ச்சி இல்லைன்னு வாயால யாரு வேணாலும் சொல்லலாம், வேலை பொய் சொல்லாதுன்னு அந்தப் பக்க வக்கீல் கேட்டு வாங்கியிருக்காரு. பயப்படாதீங்க. மெதுவா செய்யுங்க. வராததை வரலைன்னு விட்டுடுங்க. வீட்ல எப்படிக் கஷ்டப்படறீங்களோ, அதே மாதிரி இங்கயும் கஷ்டப்படுங்க, போதும்."

"சரிங்க வக்கீலம்மா."

"அவளுக்குக் கஷ்டப்படத்தாங்க தெரியும்," என்றான் வெல்டர். "அதை நாலு பேருக்குக் காட்டத் தெரியாது."

"நீங்க சும்மா இருங்க," என்றாள் அவள். சிரிப்பு வந்தது. கொஞ்சம் தைரியமும் வந்தது.

உள்ளே மேசைக்குப் பின்னால் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் தலைவர், ஒரு பக்கம் மன்றத்துக்கு உதவிக்கு வந்த டாக்டர், மறுபக்கம் எழுதுகிற ஆள். ஆஸ்பத்திரியின் வக்கீல் நல்ல உயரம், பேச்சிலும் மரியாதைக்குக் குறைவில்லை. ஒரு அட்டைப்பெட்டியைத் திறந்து புத்தம்புதுச் சட்டை ஒன்றை எடுத்தார். கழுத்துக்குள்ளிருந்த அட்டையை உருவி, பொத்தான்களைக் கழற்றி, ஒரு உதறு உதறி மேசைமேல் போட்டார்.

"அம்மா, நீங்க செய்யற வேலைதான். இதை மடிச்சுக் காட்டுங்க."

அவளிடம் புதுச்சட்டை வந்ததே கிடையாது. யாரோ போட்டு, வேர்த்து, அழுக்காக்கி, வெளுத்த பிறகுதான் அவள் மேசைக்கு வரும். புதுத்துணி வாசம் மூக்கில் ஏறியது. மெதுவாக, மெதுவாக என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே சட்டையைக் கவிழ்த்துப் போட்டாள். காலர் ஒரு பக்கம் கோணிக்கொண்டிருந்தது. அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் கோணல் காலரைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது எப்படி என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதை நேராக்கினாள்.

அப்போது தலைவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

அதோடு போயிற்று. சலவைக்கூடத்தில் மேற்பார்வையாளன் ஒருவன் உண்டு, கழுகு என்றுதான் அவனுக்குப் பேர். அவன் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று எட்டிப் பார்த்தால், உடம்பு நெருப்பாய்க் கொதித்தாலும் கை ஓடும். ஓடாத கைக்காரியை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவான். அந்தக் கூடத்தில் எந்தப் பெண்ணுக்கும் மூளையைக் கேட்டுக்கொண்டு கை வேலை செய்யாது, பார்வை விழுந்த மாத்திரத்தில் தானாக ஓடும். அவளுக்கும் ஓடியது. மேசையும் மனிதர்களும் நீராவிக்குள் போனதுபோல் மங்கினார்கள். சட்டை மட்டும் வெள்ளையாக மிதந்தது. இடது கை முன்னால் போக, வலது மணிக்கட்டு துணியை அமுக்கிப் பிடிக்க, விரல் பிடித்ததா விட்டதா என்று கண் ஓயாமல் பார்த்துச் சொல்லிக்கொண்டிருக்க, சட்டைக் கைகள் பக்கவாட்டில் மடிந்தன, அடிப்பாகம் மேலே வந்தது. எவ்வளவு அழுத்துகிறோம் என்று தெரியாததால் இப்போதெல்லாம் அவள் எதையும் கொஞ்சம் கூடுதலாகவே அழுத்துவாள். காலரைத் தூக்கி, அடியில் விரல் விட்டு, நன்றாக அழுத்தி நிமிர்த்தினாள். பிறகு வாடிக்கையாளர் பக்கம் தள்ளி வைப்பதுபோல் தலைவர் பக்கம் தள்ளி வைத்தாள்.

அறை திரும்பத் தெளிந்தபோது டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"அருமையா மடிச்சிருக்கீங்க. எங்க வீட்ல ஒரு சட்டைகூட இப்படி இருந்ததில்லை."

அவள் சிரித்துவிட்டாள். இத்தனை வருஷத்தில் அவள் மடிப்பை யாரும் ஒரு வார்த்தை நன்றாயிருக்கிறது என்று சொன்னதில்லை. வெட்கத்தோடு ஒரு சந்தோஷம் நெஞ்சில் பரவியது. திரும்பி வக்கீலம்மாவின் முகத்தைப் பார்த்த பிறகுதான் என்ன செய்துவிட்டோம் என்று புரிந்தது.

"வேற கேள்வி இல்லைங்க ஐயா," என்றார் உயரமான வக்கீல்.

"ஐயா, நான் கண்ணால பாத்துப் பாத்துத்தாங்க மடிச்சேன். விரலுக்குத் துணி இருக்கறதே தெரியலைங்க."

"சரிம்மா, எல்லாம் எழுதியாச்சு," என்றார் தலைவர், கோபமில்லாமல்.

"நிஜமாத்தாங்க ஐயா. கண்ணைக் கட்டிவிட்டுப் பாருங்க."

"பழகப் பழகச் சரியாயிடும்மா," என்றார் டாக்டர். "கை நல்லாவே வேலை செய்யுது. சந்தோஷப்படுங்க."

வெளியே வந்ததும் வக்கீலம்மா திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். அவள் திட்டவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"அவர் எட்டிப் பாத்தாருங்க," என்றாள் இவள். "பாத்ததும் கை ஓடிடுச்சு. நான் ஓட்டலைங்க."

"தெரியுதும்மா."

"இனிமே என்னங்க ஆகும்?" என்றான் வெல்டர்.

"ஏதோ ஆறுதலுக்குன்னு கொஞ்சம் கொடுப்பாங்க."

"ஆபரேஷனுக்கு ஆகுமா?"

வக்கீலம்மா இல்லையென்று தலையசைத்தாள். "மேல போகலாம். ஆனா அதுக்கு வருஷக்கணக்கா ஆகும். உங்க நரம்பு அதுவரைக்கும் காத்திருக்காது."

வெல்டர் மேல்பொத்தானைக் கழற்றிவிட்டான். பிறகு, "வா, போலாம்" என்று அவள் வலது கையைப் பிடித்தான். பிடித்தவன் சட்டென்று விட்டான்.

"என்னடி இது?"

ஆள்காட்டி விரலின் சதையில் ஒரு குண்டூசி. தலை மட்டும் வெளியே மினுக்க, முழுசும் உள்ளே இறங்கியிருந்தது. ரத்தம்கூட வரவில்லை. புதுச்சட்டையின் காலருக்கு அடியில் குண்டூசி குத்தியிருப்பார்கள் என்று அவளுக்கு எப்படித் தெரியும். விரலைக் கண்ணுக்கு நேரே தூக்கி, வேறு யாருடைய விரலையோ பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றாள். வலிக்கட்டுமே என்று காத்திருந்தாள். வலிக்கவில்லை.

வெல்டர் அவளை இழுத்துக்கொண்டு கதவில் நின்ற காவலாளிடம் ஓடினான்.

"அண்ணே, ஒரு நிமிஷம் ஐயாவைப் பாக்கணும். இங்க பாருங்க, ஊசி குத்தினதுகூட இவளுக்குத் தெரியல."

"அடுத்த கேஸ் கூப்பிட்டாச்சுப்பா," என்றான் காவலாள். விரலைப் பார்த்து அவனுக்கே உடம்பு சிலிர்த்தது. ஆனாலும் கதவிலிருந்து கையை எடுக்கவில்லை. "எழுதி முடிச்சதை நான் என்ன பண்ண?"

"உள்ள வச்சுத்தாங்க குத்தியிருக்கு," என்றான் வெல்டர்.

"வெளிய வந்து நாமளே குத்திக்கிட்டோம்னு சொல்வாங்க," என்றாள் பின்னாலேயே வந்த வக்கீலம்மா, தணிந்த குரலில். "உள்ள யாரும் பாக்கலையே."

பாதி திறந்த கதவு வழியாக அவளுக்கு மேசை தெரிந்தது. உயரமான வக்கீல் சட்டையை இரண்டு கையாலும் பதமாகத் தூக்கி அட்டைப்பெட்டிக்குள் இறக்கிக்கொண்டிருந்தார். எங்கும் பிதுங்காமல், ஒரு சுருக்கம் இல்லாமல், கடையில் வைத்துத் தந்ததுபோலவே அது உள்ளே அடங்கியது. அவர் மூடியைப் போட்டார்.