முத்துகுமரனுக்குச் சளி பிடிக்கவில்லை

முத்துகுமரனுக்குச் சளி பிடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஐந்தருவியில் ஆசை தீரத் தலையைக் கொடுத்து நின்றான். திங்களிலிருந்து தும்முகிறான், மூக்கு ஒழுகுகிறது, குரல் தகரத்தைத் தட்டினாற்போல் வருகிறது. ஆனாலும் சளி இல்லை. குற்றாலத் தண்ணீரில் சளி பிடிக்காது என்பது தென்காசிக்காரர்களின் கொள்கை. கேவலம் ஒரு மூக்குக்காக அதை விட்டுக்கொடுக்க முடியுமா?

"அண்ணே, மாஸ்க்கையாவது போடுங்க," என்றாள் கூட வேலை பார்க்கும் சஃப்ரின்.

"எதுக்கும்மா? இது ஏசி தூசி. மாஸ்க்கப் போட்டா ஊரே சளின்னு நினைச்சிரும்."

இருவரும் இருந்தது தென்காசியில் ஒரு சின்னப் பரிசோதனைக் கூடத்தில். சீசன் நேரத்தில் அருவிக்கரைக் கடைக்காரர்களின் கையைப் பஞ்சுக்குச்சியால் துடைத்து, கிருமி இருக்கிறதா என்று சொல்ல வேண்டும். அதற்கென்றே ஒரு தட்டு உண்டு. கருவாடு தோற்றுப்போகிற அளவுக்கு உப்புப் போட்டு உறையவைத்த சிவப்பு ஜெல்லி. அந்த உப்பில் மற்றக் கிருமிகள் தலையெடுக்காது. ஸ்டேஃப் என்கிற கூட்டம் மட்டும் தாக்குப்பிடிக்கும். அதிலும் வயிற்றைக் கலக்குகிற வகை, தட்டிலுள்ள சர்க்கரையைத் தின்று சிவப்பை மஞ்சளாக்கிவிடும்.

அன்று வந்தது ஷமீம் பானுவின் கை. ஐந்தருவியில் பழம் நறுக்கி விற்பவர். கை தேறினால்தான் கடை. சாரல் நின்றுவிட்டால் பழத்துக்கு ஆளே இருக்காது.

ஐந்தருவியின் எந்தக் கிளையில் தண்ணீர் பலமாக விழுகிறது என்று விளக்கிக்கொண்டே முத்துகுமரன் அவர் சாம்பிளைத் தட்டில் தேய்த்தான். பக்கத்தில் சஃப்ரின், எதையும் தேய்க்காத வெறுந்தட்டு ஒன்றைத் திறந்துவைத்திருந்தாள். 'சும்மாத் தட்டு' என்று அதை அவன் கேலி செய்வான். நடுவில் அவனுக்கு ஒரு தும்மல். கைக்குட்டையை எடுப்பதற்குள் வந்துவிட்டது.

மறுநாள் ஷமீம் பானுவின் தட்டு பலாச்சுளை மாதிரி மஞ்சள். போன் செய்து சொன்னான்.

"நல்லாத் தேய்ச்சுத்தான தம்பி கழுவுதேன்?" என்றார் அவர். "பழம்லாம் வாங்கிப் போட்டுட்டனே."

போனை வைத்தபோது அவனுக்கு என்னவோபோல் இருந்தது. சஃப்ரின் சும்மாத் தட்டை நீட்டினாள். அதுவும் மஞ்சள்.

"இது யாரு கைண்ணே? அந்த அக்கா இதத் தொடவே இல்லயே. ஒருவேள ஏசி தூசியோ?"

அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டான். அவள் ஒரு பஞ்சுக்குச்சியைப் பிரித்தாள். "மூக்கக் காட்டுங்க."

காட்டினான். ஷமீம் பானுவை மறுபடி வரவழைத்து, புதுத் தட்டில் சஃப்ரினே தேய்த்தாள். முத்துகுமரன் மாஸ்க் போட்டுக்கொண்டு வாசலில் ஒதுங்கி நின்றான். தும்முவதற்குத் தெருவுக்கே போய்வந்தான்.

அடுத்த நாள் வெறுந்தட்டு சிவப்பாகவே இருந்தது. ஷமீம் பானுவின் தட்டும் சிவப்பு. முத்துகுமரனின் மூக்கு மட்டும் மங்களகரமான மஞ்சள்.

"இந்தக் கிருமி உங்க மூக்குல ரொம்ப நாளா வாடகையில்லாமக் குடியிருக்கது," என்றாள் சஃப்ரின். "அதத் தும்மி வெளிய அனுப்புனது எதுண்ணே?"

"சளி," என்றான், சுவரைப் பார்த்து.

ரிப்போர்ட்டை அவனே ஸ்கூட்டரில் ஐந்தருவிக்குக் கொண்டுபோனான். நடந்ததை மறைக்காமல் சொன்னான்: "தப்பு உங்க கையில இல்லக்கா. அருவில குளிச்சு எனக்குச் சளி பிடிச்சு..."

ஷமீம் பானு காகிதத்தை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்தார்.

"மெதுவாப் பேசுங்க தம்பி. குத்தாலத் தண்ணில சளி பிடிக்கும்னு நீங்களே சொன்னா, இங்கன ஒருத்தன் வருவானா? பெறவு கடையத் தொறந்து நான் ஈயா ஓட்ட?"

பக்கத்தில் தலை துவட்டிக்கொண்டிருந்த மதுரைக்காரர் திரும்பினார். "என்ன சார், சளியா?"

முத்துகுமரன் மாஸ்க்கை மூக்குக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டான்.

"சேச்சே. ஏசி தூசி."